நடன ஹாலில் பதினாறு அரிசி மூட்டை

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சற்றே சாய்ந்திருந்தேன். நான் வேலை பார்த்த தூதரகத்திலிருந்து போன் வந்தது. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண்தான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தரம் இந்திக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

"ஆன்ட்டி, தூதர் வீட்டு ஹால்ல மரத் தரை இருக்கில்ல? சுவர் ஓரத்துப் பலகையை எடுத்துப் பார்த்தா உள்ளே ரெண்டு விரல் அகலத்துக்கு கேப் இருக்கு. இஞ்சினியர் அதை டிஃபெக்ட்னு எழுதியிருக்கார். சிமென்ட் போட்டு பந்த் பண்ணிடலாமா?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பிளாட் நாய் எழுந்து குரைத்தது. அடைக்காதே, அடைக்காதே என்று நாலு தரம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதி அனுப்புங்கள், ஃபைலில் போட்டு வைக்கிறேன் என்றாள். இதோ எழுதுகிறேன். ஃபைலில் போடத் தகுந்ததாக வருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் டெல்லிக்கு வந்தேன். திருநெல்வேலியில் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹாண்ட் லோயர் முடித்த கையோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டார்கள். கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அண்ணனும் மதினியும் இருந்தார்கள். ஆறு மாதம் அங்கும் இங்கும் லீவ் வேகன்ஸியில் தட்டச்சு செய்துவிட்டு, சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தின் நிர்வாகப் பிரிவில் ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். இந்தத் தாள் யார் யார் கைக்குப் போகுமோ, எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். குளிர் அதிகம் உள்ள நாடு என்பதோடு விட்டுவிடுங்கள். ஒரு வருடம் தற்காலிகம், அதன் பிறகு பிடித்திருந்தால் நிரந்தரம் என்று போட்டிருந்தது.

அந்த ஒரு வருடத்தில்தான் என் தலையே மாட்டியிருந்தது. அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டான்.

"ஏட்டி கோமதி, பெர்மனென்ட் ஆச்சுன்னா இங்கனயே இரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆகலேன்னா ஊருக்கு டிக்கெட் எடுத்துருவேன், கேட்டியா? அம்மை பாத்து வச்சிருக்க பையன் ஒண்ணும் மோசமில்ல."

பையனின் போட்டோவும் வீட்டில் இருந்தது. ஸ்டூடியோவில் ஒரு பூச்சாடி மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் எனக்கு டெல்லி மேல் பைத்தியம் பிடித்திருந்தது. பஸ் பாஸில் ஒட்டிய என் போட்டோ, டிசம்பரில் கோட் பாக்கெட்டுக்குள் சூடாக வேர்க்கடலை, முதல் தேதி என் கையில் வரும் கவர் என்று எல்லாவற்றின் மேலும் பைத்தியம்தான். அந்தப் பூச்சாடிக்குப் பக்கத்தில் போய் நிற்க எனக்கு மனசே இல்லை.

என்னை நிரந்தரமாக்குவதும் டிக்கெட் எடுக்க வைப்பதும் ஒரே ஆள் கையில் இருந்தது. நிர்வாகச் செயலாளர். ஆறடிக்கு மேல் உயரம், வழுக்கைத் தலை, நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது. குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. டீ ஆறிப்போய் வந்தால் "இன்ட்ரஸ்டிங்" என்பார். டிரைவர் காரை மரத்தில் மோதிக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதே "இன்ட்ரஸ்டிங்"தான். ஒரு நாளில் ஒரு தரம் சொன்னால் யாருக்கோ மெமோ நிச்சயம். இரண்டு தரம் சொன்னால் அன்றைக்கு எங்கள் செக்‌ஷனில் யாருக்கும் மத்தியானச் சாப்பாடு இறங்காது. நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே இன்ட்ரஸ்டிங் துரை.

தூதர் குடியிருந்தது பழைய பங்களா. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அதன் பெரிய ஹாலில் மொசைக் கிடையாது, பளிங்கு கிடையாது. முழுக்கத் தேக்குப் பலகை. வருடா வருடம் ஆகஸ்ட் கடைசியில் அவர்களுடைய தேசிய தினத்துக்கு அங்கேதான் நடனம் நடக்கும். அந்த வருடம் ஏப்ரலில் நடந்த ஒரு விருந்தில் தூதரின் மனைவி ஆடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய குதிகால் செருப்பு இரண்டு பலகைக்கு நடுவில் இருந்த சந்தில் மாட்டிக்கொண்டது. செருப்பு அங்கேயே நின்றுவிட, அம்மாள் மட்டும் ஒற்றைக் காலில் ஆடி முடித்தாராம். மறுநாள் காலையில் துரை என் மேஜைக்கு வந்தார். தேசிய தினத்துக்குள் அந்தத் தரையை இழைத்து, மெருகு போட்டுப் புதிதாக்க வேண்டும், ஆட்களைத் தேடிப் பிடிப்பதும் வேலை வாங்குவதும் உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார். என் ஒரு வருடமும் அதே ஆகஸ்ட் கடைசியில்தான் முடிந்தது.

மரத் தரையை நான் அதற்கு முன்னால் பார்த்ததுகூட இல்லை. எங்கள் ஊரில் தேக்கு கதவாக இருக்கும், கட்டிலாக இருக்கும். அதன் மேல் யாரும் செருப்போடு ஆட மாட்டார்கள். ஆனாலும் விதிப்படி மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பதால் மூன்று பேரை வரவழைத்தேன். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: முதலில் என்ன செய்வீர்கள்?

முதலாமவர் மொசைக் பாலிஷ்காரர். தண்ணீர் ஊற்றி மெஷினால் தேய்ப்பேன், அப்புறம் ஆசிட் என்றார். தேக்கு மேலா என்று கேட்டேன். தரை என்றால் தரைதானே மேடம் என்று பெருந்தன்மையாகச் சிரித்தார். இரண்டாமவர் சோபா, அலமாரிக்கு மெருகு போடுகிறவர். பஞ்சில் மெருகைத் தோய்த்துக் கையாலேயே தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருவேன் என்றார். ஆனால் அதன் மேல் ஆறு மாதம் யாரும் நடக்கக் கூடாதாம். நடனம் ஆட வேண்டும் என்றதும், அப்படியென்றால் மெதுவாக ஆடச் சொல்லுங்கள் என்றார்.

மூன்றாவதாக வந்தது ஏழுமலை. சேலம் பக்கத்து ஆள். ஆசிய விளையாட்டுக்காகக் கட்டட வேலைக்கு டெல்லி வந்து, ஓர் உள்விளையாட்டு அரங்கில் மரத் தரை போட்ட கோஷ்டியில் இழைப்பு மெஷின் ஓட்டியவர். வேலை முடிந்ததும் பழைய மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு, மனைவி செல்லம்மாவையும் இன்னும் நாலு பேரையும் சேர்த்துக்கொண்டு தனியாகத் தொழில் செய்தார். நான் கேள்வி கேட்பதற்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். கன்னத்தைப் பலகையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார். பிறகு விரல் முட்டியால் தட்டிக்கொண்டே ஹாலின் அந்தக் கோடி வரைக்கும் தவழ்ந்து போனார்.

"மொத வேலை ஆணிங்க. ஒவ்வொரு ஆணியையும் உள்ளார எறக்கிட்டுத்தானுங்க மெசினு. இல்லீன்னா மெசினுல சுத்துற உப்புத்தாளு கிழிஞ்சு போயிருமுங்க" என்றார் படுத்தபடியே.

அவருக்கே வேலையைக் கொடுத்தேன். இன்றைக்கும் என் வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களை எண்ணச் சொன்னால் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

மே மாதம் வேலை தொடங்கியது. ஆணிகளை உள்ளே இறக்கவே இரண்டு நாள் ஆயிற்று. செல்லம்மா முன்னால் சாக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டு போவார், பின்னால் ஒருவர் உளி மாதிரி ஒன்றை வைத்து ஆணித் தலையில் அடிப்பார். அதன் பிறகு மெஷின். முதலில் ரேக்மால் என்று டெல்லியில் சொல்லும் சொரசொரப்பான உப்புத்தாளைச் சுற்றிக் குறுக்காக ஓட்டினார்கள். பிறகு நடுத்தரத் தாள், பலகை ஓடும் திசையிலேயே. பிறகு மாவு போன்ற நைஸ் தாள். மெஷினை ஓடவிட்டு ஓர் இடத்தில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அங்கே குழி விழும். தும்மல் வந்தாலும் நடந்துகொண்டேதான் தும்ம வேண்டும் என்பது ஏழுமலை போட்டிருந்த சட்டம். சுவர் ஓரங்களுக்கு மெஷின் எட்டாது. அங்கெல்லாம் செல்லம்மா உட்கார்ந்து கையாலேயே இழைத்தார். ஐம்பது வருடத்து அழுக்குக்குக் கீழேயிருந்து தேன் நிறத்தில் தேக்கு வெளியே வந்தபோது, தூதர் வீடு என்பதையும் மறந்து நான் கை தட்டினேன்.

வார்னிஷ் இரண்டாம் கோட் ஈரமாக இருக்கும்போது ஆந்தி அடித்தது. டெல்லியின் புழுதிப் புயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூடிய ஜன்னல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. செல்லம்மாவும் மற்றப் பெண்களும் தங்கள் மூட்டையில் இருந்த மாற்றுப் புடவைகளையெல்லாம் அவிழ்த்து ஜன்னல் இடுக்குகளில் திணித்தார்கள். இன்னும் ஒரு கதவு பாக்கி இருந்தது. நான் என் முதுகைக் கொடுத்து அதைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். வெளியே வந்தபோது முன்பக்கம் நான் கோமதி, பின்பக்கம் ராஜஸ்தான்.

தப்பு நடந்தது இதற்கெல்லாம் முன்னால், வார்னிஷுக்கு முந்தைய நாள். அதை ஏழுமலை செய்யவில்லை, நான் செய்தேன்.

மே மாத வெயிலில் பலகைகள் வற்றிப்போய், நடுவில் சந்து சந்தாகத் தெரிந்தது. என் கொண்டை ஊசி ஒன்று விழுந்து உள்ளேயே போய்விட்டது. அம்மாளின் செருப்பு மாட்டியதும் இந்தச் சந்தில்தானே? எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள் என்றேன். ஏழுமலை தலையைச் சொறிந்தார்.

"இப்ப சந்து பெருசாத்தான் தெரியுமுங்க. மழ வந்தா மரம் ஊதுமுங்க, அதுக்கு எடம் வேணுமில்லீங்களா? பெரிய சந்த மட்டும் லேசா மூடிக்கலாங்க."

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கையில் ஃபைல். மரம் எங்காவது ஊதுமா, அது என்ன பலூனா என்று கேட்டேன். ஒரு சந்துகூடத் தெரியக் கூடாது, சுவர் ஓரம் உட்பட என்று உத்தரவு போட்டேன். அவர் சரிங்க என்றார். தேக்குத் தூளையும் வஜ்ரப் பசையையும் குழைத்து, ஒவ்வொரு சந்தையும் கெட்டியாக அடைத்தார். சுவர் ஓரத்தையும் அடைத்து, அதன் மேல் பலகையை அடித்து மூடினார். இதை எந்தக் காகிதத்திலும் நான் எழுதவில்லை, வாயால் சொன்னதுதான்.

ஜூன் முதல் வாரம் துரை சோதனைக்கு வந்தார். அவருடைய சோதனையே தனி தினுசு. கோட் பாக்கெட்டில் இரண்டு ஜோடி புத்தம் புது வெள்ளை சாக்ஸ் கொண்டுவருவார். ஷூவைக் கழற்றி ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு, ஹாலின் நாலு ஓரமும் நடந்து, பிறகு மூலைக்கு மூலை குறுக்காக நடப்பார். நூல் எங்காவது சிக்குகிறதா என்று பார்ப்பார். பிறகு அதைக் கழற்றி, போடாத ஜோடியோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நிறம் ஒத்துப் பார்ப்பார். அன்றைக்கு இரண்டும் ஒரே வெள்ளையாக இருந்தன. சிக்கிய நூல் ஒன்றுகூட இல்லை. துரை ஒன்றும் சொல்லாமல் ஷூவைப் போட்டுக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை மதினியிடம் சொல்லி, நாங்கள் இருவரும் வீட்டில் பாயசம் வைத்தோம்.

ஜூலையில் மழை வந்தது. அந்த வருடம் நன்றாகவே வந்தது. ஆகஸ்டில், தேசிய தினத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, பங்களாவின் பட்லர் போன் செய்து உடனே வாருங்கள் என்றார். போய்ப் பார்த்தேன். ஹாலின் நடுவில் தரை அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. மேலே கால் வைத்தால் டொக்கென்று இறங்கியது, காலை எடுத்தால் மறுபடி எழும்பியது. மரம் ஊதும் என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். பூச்சாடி போட்டோவும் உடனே கண் முன்னால் வந்து நின்றது.

துரையும் வந்து பார்த்தார். மேட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"இன்ட்ரஸ்டிங்" என்றார். ஆபீஸுக்குத் திரும்பி வந்தபின் மறுபடியும் ஒரு தரம் சொன்னார்.

பிறகு என்னைக் கூப்பிட்டுக் கடிதம் ஒன்று தயார் செய்யச் சொன்னார். ஏழுமலையின் வேலை மோசமானது, இனி எங்கள் தூதரகத்திலோ, எங்கள் சிபாரிசில் வேறு தூதரகத்திலோ அவருக்கு வேலை கிடையாது, பட்டியலிலிருந்து பெயரை நீக்குகிறோம். அரை மணிக்குள் கையெழுத்துக்கு வர வேண்டும்.

டைப்ரைட்டரில் தாளைச் செருகினேன். தேதியை அடித்தேன். ஏழுமலையின் பெயரை அடித்தேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. நான் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. அவர் என்ன சொன்னாலும் ஸ்டெனோ பேச்சைத்தான் நம்புவார்கள். இந்த ஒரு தாளை அடித்துக் கொடுத்துவிட்டால் நான் டெல்லியில் இருக்கலாம். எனக்கு அப்படி ஆசையாக இருந்தது, அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆணியைப் பற்றிப் பேசிய அந்த மனிதர் கண் முன்னால் வந்து தொலைத்தார். தாளை உருவிக் கிழித்துப் போட்டேன். வேறு தாளில் நாலு வரி அடித்தேன். சந்தை அடைக்க வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் எச்சரித்தார், அடைக்கச் சொன்னது நான், தவறு என்னுடையது, அவருடைய வேலையில் குறை இல்லை. கீழே என் கையெழுத்தைப் போட்டு, பிழை திருத்தக்கூடத் திரும்பப் படிக்காமல் கொண்டுபோய் நீட்டினேன். படித்தால் எனக்கே தைரியம் போய்விடும்.

துரை படித்தார். இன்னொரு தரம் படித்தார். மூன்றாவது இன்ட்ரஸ்டிங் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. தாளை மேஜை டிராயருக்குள் வைத்தார். அப்படியானால் இனி என்ன செய்வது என்று அந்த ஆளையே கேட்டு வா என்றார்.

ஏழுமலையின் குடிசைக்கு ஆட்டோவில் போனேன். வழியெல்லாம் மன்னிப்பு வாசகம் தயார் செய்தது வீண். என் முகத்தைப் பார்த்ததும் செல்லம்மா, "ஊதிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு, வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்தேன். அழுகையும் அதிலேயே கலந்திருந்தது.

அன்று மத்தியானமே கோஷ்டி வந்துவிட்டது. இரண்டு நீளச் சுவர்களின் ஓரத்துப் பலகையையும் பெயர்த்து, நான் அடைக்கச் சொன்னதையெல்லாம் சுரண்டி எடுத்து, கடைசிப் பலகையில் இரண்டு விரல் அகலம் அறுத்துத் தள்ளினார்கள். நடுவிலும் ஐந்து வரிசைக்கு ஒரு சந்தைத் திறந்துவிட்டார்கள். இனி மேட்டின் மேல் பாரம் ஏற்ற வேண்டும், ஐந்து நாளாவது இறக்கக் கூடாது, பாரம் ஒரே சீராக இருக்க வேண்டும், கல்லும் செங்கல்லும் வைத்தால் கீறிவிடும் என்றார் ஏழுமலை.

மழைக்காலத்தில் சுத்தமான, கனமான, கீறாத பாரத்துக்கு எங்கே போவது? ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மதினி மாதா மாதம் அரிசி வாங்கும் கடைக்குப் போனேன். முதலாளி பாலக்காட்டு மனிதர். பதினாறு மூட்டை புழுங்கலரிசி ஐந்து நாளைக்கு வேண்டும், சாப்பிட அல்ல, தரை மேல் வைக்க என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குட்டி, வீட்டில பெரியவா யாராவது இருக்காளா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் மனிதருக்கு அப்படி ஒரு உற்சாகம் பிடித்துக்கொண்டது. தானே டெம்போவில் ஏறி வந்து, எந்த மூட்டை எங்கே என்று நின்று அடுக்கினார். அவருடைய அரிசி தூதர் வீட்டு நடன ஹாலுக்குப் போன கதையைப் பிறகு பல வருடம் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலே விசிறிகள் சுழல, தொங்கும் கண்ணாடி விளக்குக்குக் கீழே, பதினாறு அரிசி மூட்டை ஐந்து நாள் வீற்றிருந்தன. மூன்றாம் நாள் தூதரின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, இது உங்கள் நாட்டுச் சடங்கா என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆறாம் நாள் மூட்டையை இறக்கினோம். ஏழுமலை கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.  படுத்தபடியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தளர்ந்த ஆணிகளை அடித்து, லேசாக இழைத்து, ஒரு கோட் வார்னிஷ் போட்டு, அந்த இரண்டு விரல் இடைவெளியை அப்படியே விட்டு ஓரப் பலகையை மேலே பொருத்தினார்கள்.

தேசிய தினத்தன்று மத்தியானம் மூன்று மணிக்குத் துரை சோதனைக்கு வந்தார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். நானும் ஏழுமலையும் செல்லம்மாவும் தாழ்வாரத்தில் நின்றோம். கதவு முழுக்கச் சாத்தவில்லை. செல்லம்மா முதலில் எட்டிப் பார்த்தார், பிறகு நான் பார்த்தேன்.

வெள்ளை சாக்ஸில் நாலு ஓரமும் நடந்தார். குறுக்காக நடந்தார். மேடு இருந்த இடத்தில் நின்று, குதிகாலால் இரண்டு தரம் அழுத்தினார். சத்தம் இல்லை. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிறகு அந்த ஆறடி மனிதர் பின்னால் சுவர் வரைக்கும் போய், நாலு எட்டு ஓடிவந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, டை தோளுக்கு மேல் பறக்க, ஹாலின் பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போனார்.

செல்லம்மா என் தோளைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். ஏழுமலைக்கு அடக்கத் தெரியவில்லை. அந்தச் சத்தத்தில் துரை திரும்பினார். நாங்கள் மூன்று பேரும் கதவோடு சேர்ந்து உள்ளே விழாத குறை.

அவர் முகம் சிவந்ததே தவிர, குரல் அதே குரல்தான். உள்ளே வா என்றார். போனேன். துரை, என் பின்னாலேயே உள்ளே வந்த ஏழுமலையிடம் நேராகப் போய்க் கை குலுக்கினார். பிறகு கோட் பாக்கெட்டிலிருந்து, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த இரண்டாவது ஜோடி சாக்ஸை எடுத்து என்னிடம் நீட்டினார். அதே பாக்கெட்டிலிருந்து ஒரு கவரும் வந்தது.

பிரித்தேன். நிரந்தரம் செய்யும் உத்தரவு.  தேதியை இரண்டு தரம் படித்தேன். பதினோரு நாளுக்கு முந்தைய தேதி. நான் அந்த நாலு வரியை அடித்துக் கொடுத்த நாள். ஹாலில் தரை உப்பிக்கொண்டு நின்ற நாள்.

துரையைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சாக்ஸைப் போட்டுக்கொள் என்று மட்டும் சொன்னார்.

என் கால் அளவுக்கு அது இரண்டு பங்கு இருந்தது. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டேன். உத்தரவைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன், பிறகு காலை விட்டுவிட்டேன். தரை என்னை எடுத்துக்கொண்டு போயிற்று. செல்லம்மா பின்னால் கூவியதும், நானே கூவியதும் கேட்டது. எதிரே இருந்த நீளச் சுவர் வரைக்கும் போய், அதன் ஓரத்துப் பலகையில் கால் விரல்கள் முட்டி நின்றேன்.

அந்தப் பலகைக்குப் பின்னால்தான் கண்ணு, உன் இஞ்சினியர் கண்டுபிடித்த இரண்டு விரல் கேப் இருக்கிறது. அதை அடைக்காதே.